போட்டி எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் உளவளத்துணைப் பொறுப்பில் இருக்கிறேன். பெற்றோர் கூட்டம், கோயில் வீதி, கலியாண வீடு என்று எங்கே போனாலும் போட்டி பற்றிய சந்தேகங்களே என்னைத் தேடி வருகின்றன. கேட்கிற ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில் விளக்கமாகச் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி இலக்கத்தைக் குறித்திருக்கிறேன், அங்கே பாருங்கள்.

1. போட்டி கூடாது எண்டு கொஞ்சப் பேர் சொல்லுகினம். போட்டி இல்லாட்டி ஒருத்தரும் முன்னேற மாட்டினம் எண்டு கொஞ்சப் பேர். எதைத்தான் நம்பிறது?

இரண்டு பக்கமும் பாதி சரி. போட்டி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது, எந்தப் போட்டி என்று கேட்கவேண்டும். நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அதற்கு ஓர் எல்லை இருக்கிறதா? இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட விதி இருக்கிறதா? அது ஒரு நாள் முடிகிறதா?

வடக்கின் போரை எடுங்கள். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம். அந்த நாட்களில் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும். பாண்ட் வாத்தியம், கொடி, பழைய மாணவர்களின் நக்கல் எல்லாம் உண்டு. ஆனால் ஆட்டம் மைதானத்துக்குள், நடுவர் சொன்னால் சொன்னதுதான், மூன்றாம் நாள் பின்னேரம் விக்கெட் கட்டைகளைப் பிடுங்கினால் அந்த வருசத்துக்குச் சரி. அடுத்த திங்கட்கிழமை இரண்டு கல்லூரிப் பழைய மாணவர்களும் ஒரே கந்தோரில் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

இப்போது உங்கள் ஒழுங்கையில் யார் வீட்டு மதில் உயரம் என்று நடக்கும் போட்டியைப் பாருங்கள். மதில் முடிந்தால் கேற், கேற் முடிந்தால் மேல்மாடி, மேல்மாடி முடிந்தால் எதிர்வீட்டார் வேறு ஏதோ தொடங்கியிருப்பார். மேலே கேட்ட மூன்றில் ஒன்றுகூட அங்கே கிடையாது.

2. போட்டிக்கும் பொறாமைக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நாளைக்குப் போட்டி. இன்றிரவு உங்கள் எதிராளிக்குக் காய்ச்சல், வரமாட்டார் என்று செய்தி வருகிறது. உங்களுக்கு முதலில் வருவது ஏமாற்றமா, நிம்மதியா? ஏமாற்றம் என்றால் நீங்கள் ஆடத்தான் விரும்பினீர்கள். நிம்மதி என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ‘நல்லா வேணும் அவருக்கு’ என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் சேர்ந்து வந்தால் அது பொறாமை.

பொறாமை வருவது மனித இயல்பு, அதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் கதை இருக்கிறது.

3. மூத்தவனுக்குப் போட்டி எண்டா உசார் வருது. இளையவளுக்குக் கை நடுங்குது. ஒரே வீட்டு வளர்ப்புத்தானே, ஏன் இப்பிடி?

இது பழைய கேள்வி. 1898இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோர்மன் ட்ரிப்லெற் என்பவர், சைக்கிள் ஓட்டக்காரர்கள் தனியே ஓடுவதைவிடச் சேர்ந்து ஓடும்போது வேகமாக ஓடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். பிறகு 40 பிள்ளைகளைக் கூப்பிட்டு, தூண்டில் நூல் சுற்றும் உருளையைத் தனியாகவும் இன்னொரு பிள்ளைக்குப் போட்டியாகவும் சுற்றவிட்டார். போட்டியில் 20 பிள்ளைகள் வேகமாகச் சுற்றினார்கள், 10 பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை, 10 பேர் தனியே சுற்றியதைவிட மோசம். புத்தகங்களில் அந்த முதல் 20 பேரைப் பற்றித்தான் எழுதுவார்கள். உங்கள் இளையவள் கடைசிப் பத்தில் ஒருத்தி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கைவந்த வேலையைச் செய்யும்போது ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் நன்றாக வரும். இன்னும் பழகாத வேலையை அப்படிச் செய்தால் குழம்பும். பட்டத்துக்கு முச்சை கட்டவே தடுமாறுகிற பிள்ளையைத் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? முதலில் வீட்டு வளவுக்குள், ஒருவரும் பார்க்காமல், நாலு பட்டத்தைக் கிழித்துப் பழகட்டும். இளையவளுக்கும் அதே ஒழுங்குதான்: பழகும் காலத்தில் போட்டி வேண்டாம், கை படிந்த பிறகு பார்க்கலாம்.

4. ஸ்கொலசிப் சோதினைக்குப் பிள்ளையை எவ்வளவு நெருக்கலாம்? நெருக்காட்டிப் பின்னுக்கு நிண்டிடுமே?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் புலமைப்பரிசில் பரீட்சை எதற்கு வந்தது? இலவசக் கல்வி வந்த 1940களில், வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலைக்கு வழி திறக்கும் ஏற்பாட்டின் பகுதியாக வந்தது. இன்றும் அதன் பயன் இரண்டுதான். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப் பணம், ஆறாம் தரத்தில் பெயர்பெற்ற பாடசாலைக்கு அனுமதி. உங்கள் பிள்ளை ஏற்கெனவே பதின்மூன்றாம் தரம் வரை உள்ள நல்ல கல்லூரியில் படிக்கிறது, உதவிப் பணமும் தேவையில்லை என்றால், இதில் கிடைப்பது என்ன? பாடசாலை மதிலில் படம் போட்ட ஒரு பனர். மழை வந்தால் அதுவும் கிழிந்துவிடும்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் நாளைச் சொல்கிறேன், எங்கள் ஊரில் எந்த ஒழுங்கையிலும் காணலாம். விடிய ஐந்தரைக்கு எழுப்பி ஆறு மணிக்கு ஒரு ரியூசன். அங்கிருந்து நேரே பாடசாலை. பள்ளி விட்டதும் ஓட்டோவுக்குள்ளேயே, சீருடையைக்கூட மாற்றாமல், மடியில் சீனி சிந்தச் சிந்தப் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு அடுத்த வகுப்பு. வீட்டுக்கு வர ஏழு மணி. முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தால் கடந்தகால வினாத்தாள். பத்தரைக்குப் பிள்ளை மேசையிலேயே தூங்கிவிழும், தாய் உலுப்பி எழுப்பி ‘இன்னும் ரெண்டு கணக்குத்தான் ராசா’ என்பார். தாயைக் குறை சொல்லவில்லை, அவரும் நாள் முழுக்க அந்த ஓட்டோவுக்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறார்.

பத்து வயதுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். ஒரு மணித்தியாலமாவது ஓடி விளையாடவேண்டும். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு நெருக்குங்கள். என் கணக்கில் ஒரு ரியூசனுக்கு மேல் அடங்காது. பரீட்சைத் திணைக்களமே பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் தடைசெய்கிறது. அந்த நாட்களிலும் கதவைச் சாத்திவிட்டு இரகசிய வகுப்பு வைப்பவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

5. ரெண்டு புள்ளியால வெட்டுப்புள்ளி தவறிப்போச்சு. பிள்ளை வெளியில வரமாட்டன் எண்டு அறைக்குள்ளயே கிடக்குது.

நூலிழையில் தவறுவது, முற்றாகத் தவறுவதைவிடக் கூட நோகும். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றவர்களின் முகங்களை வீடியோவில் வைத்துப் பார்த்து உளவியலாளர்கள் 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்றாம் இடத்தில் வெண்கலம் எடுத்தவர்கள், இரண்டாம் இடத்தில் வெள்ளி எடுத்தவர்களைவிடச் சந்தோசமாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குத் தங்கம் போன கவலை, வெண்கலக்காரருக்குப் பதக்கமே இல்லாமல் போயிருக்கலாமே என்ற ஆறுதல். உங்கள் பிள்ளைக்கு இப்போது வெள்ளிக்காரரின் நோவு.

அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கள். மொத்தம் 200 புள்ளி. எத்தனை பேரை எடுப்பது என்பதை வைத்து மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து போடும் கோடு அது. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இதே புள்ளியோடு வேறொரு மாவட்டத்தில் இருந்திருந்தால் சித்தியாகியிருக்கவும் கூடும்.

பிறகு தொலைபேசி. பெறுபேறு வந்த கிழமை லண்டனில் இருந்து சித்தி, கனடாவில் இருந்து மாமா, எல்லாரும் எடுத்து ‘எத்தினை புள்ளி?’ என்பார்கள். பிள்ளைக்குக் கேட்கும் தூரத்தில் நின்று புள்ளி சொல்லாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். ‘பிள்ளை சுகமா இருக்கிறான், நீங்கள் எப்பிடி?’ என்று பேச்சை மாற்றுங்கள். பரீட்சை ஓகஸ்டோ செப்டெம்பரோ எப்போதோ முடிந்துவிட்டது. அதை முடியவிடாமல் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் பெரியவர்கள்தான்.

6. முதலாம் பிள்ளையா வந்தா சைக்கிள் வாங்கித் தாறன் எண்டு சொல்லலாமோ?

பிள்ளைக்குப் பிடிக்காத வேலை என்றால் சொல்லலாம், பெரிய பாதகமில்லை. ஏற்கெனவே விரும்பிச் செய்கிற வேலைக்குச் சொல்லாதீர்கள். 1973இல் அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலையில், படம் கீற விருப்பமான பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ‘கீறினால் பரிசு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனைகளைச் சும்மா மேசையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் கீறிய நேரத்தில் பாதியளவுதான் கீறினார்கள்.

சைக்கிள் தேவை என்றால் வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்குப் போகச் சைக்கிள் வேண்டிய பிள்ளைக்கு, முதலாம் பிள்ளையாக வராவிட்டாலும் அது வேண்டும்தானே.

7. ‘அக்காவைப் பார், பக்கத்து வீட்டுப் பெடியனைப் பார்’ எண்டு சொல்லித்தான் எங்கட அம்மா எங்களை வளர்த்தவா. நாங்கள் என்ன கெட்டா போனோம்?

கெட்டுப்போகவில்லை. ஆனால் நாற்பது வயதிலும் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சொந்தத்துக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். மைதானத்தில் எதிராளி ஆட்டம் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அக்கா எங்கே போவார்? அதே அறையில்தான் படுப்பார். முதல் கேள்வியில் சொன்ன எல்லை வீட்டுக்குள் இல்லை, அதனால்தான் சகோதரங்களுக்குள் போட்டி வைப்பதை நான் மறுக்கிறேன்.

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் போன தவணைப் பிள்ளையோடு இந்தத் தவணைப் பிள்ளையை ஒப்பிடுங்கள். (அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு, 13ஆம் கேள்வியில் வருகிறது.)

8. நான் ஏஎல் பயோ படிக்கிறன். என்ர நோட்ஸைப் பிரண்டுக்குக் குடுத்தா என்ர மாவட்ட நிலை குறையாதா?

நேர்மையான கேள்வி தங்கச்சி, வழக்கமான புத்திமதியைச் சொல்லித் தட்டிக்கழிக்க மாட்டேன். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா இருக்கின்றன, யாழ்ப்பாணம் இல்லை. ஆகவே பக்கத்துக் கதிரையில் இருப்பவர் உண்மையிலேயே உமக்குப் போட்டிதான். அதை இல்லை என்று சொல்வது பொய்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இசட் புள்ளி, நாடு முழுக்க அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியையும் பரம்பலையும் வைத்துக் கணிப்பது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதும் பாடத்தில் உமது நண்பி ஒருத்தி பத்துப் புள்ளி கூட எடுத்தால் சராசரி அசையாது, உமது இசட் புள்ளியும் குறையாது. நடக்கக்கூடிய ஒரே நட்டம், அவர் உம்மைத் தாண்டினால் ஓர் இடம் கீழே போவது. அந்த ஓர் இடம் மருத்துவ பீடத்தைத் தவறவிடச் செய்யும் வாய்ப்பு மிகச் சிறியது, ஆனால் இல்லாமலில்லை.

இலாபப் பக்கம் இதைவிடப் பெரிது. ஒரு பாடத்தை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எது விளங்கவில்லை என்று நமக்கே தெரியவரும். அவரும் தன் குறிப்பைத் தருவார். நோட்ஸை ஒளித்துவைத்துக்கொண்டு, யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்று வேவு பார்க்கிற மாணவர்கள் அதற்கே பாதி மூளையைச் செலவழிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து படியும், கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்கட்டும். எடுத்துக்கொண்டு ஒன்றும் தராதவருக்கு ‘இப்ப ஏலாது’ என்று சொல்வதில் பிழையில்லை.

9. சின்னப் பிள்ளையோட கரம் விளையாடேக்க வேணுமெண்டு தோக்கலாமோ?

மூன்று நான்கு வயதுக்குத் தோற்கலாம். அதற்கு மேல் பிள்ளை கண்டுபிடித்துவிடும், பிறகு உண்மையாக வென்றாலும் நம்பாது. ஐந்து காய் கூடக் கொடுத்துவிட்டு முழுமூச்சாக ஆடுங்கள். தோற்றால் கைகொடுக்கவும், வென்றால் நெளிக்காமல் இருக்கவும் அங்கேதான் பழகும்.

10. உதைபந்தாட்டம் முடிஞ்ச பிறகும் ரெண்டு ஊர்க் கழகங்களும் அடிபடுதுகள். விளையாட்டு ஒற்றுமையைத் தரும் எண்டு சொல்லுகினம், எங்க தருது?

விளையாட்டு தானாக ஒற்றுமை தராது. 1954இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில், முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் ஒருவரையொருவர் தெரியாத 22 பையன்களை இரண்டு குழுவாக்கி ஒரு முகாமில் வைத்தார். கயிறிழுத்தல், பேஸ்போல், வென்ற குழுவுக்குப் பரிசு. சில நாளிலேயே கொடி எரிப்பு, இரவில் மற்றக் குழுவின் கொட்டிலைச் சூறையாடுதல் என்று போய்விட்டது. ஒன்றாகச் சாப்பிடவும் படம் பார்க்கவும் விட்டுப் பார்த்தார்கள், சாப்பாட்டைத் தூக்கி எறிந்து சண்டை. கடைசியில் முகாமின் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டார்கள். இரண்டு குழுவும் சேர்ந்து தேடிச் சரிசெய்யவேண்டி வந்தது. இப்படிச் சில வேலைகளைச் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது.

இங்கே கழகங்கள் செய்யக்கூடியது அதுதான். இறுதியாட்டத்துக்கு முன் ‘நட்புறவு விருந்து’ வைப்பதால் பலனில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவான குளத்தைத் துப்புரவாக்குவது, இரண்டு கழகத்திலிருந்தும் ஆள் எடுத்து ஒரு கலப்பு அணியாக வேறு மாவட்டத்தோடு ஆடுவது, இப்படி ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாத வேலையாகப் பாருங்கள். நடுவரை வெளியூரிலிருந்து கூப்பிடுங்கள். மைதானத்துக்குள் சாராயப் போத்தல் வரவிடாதீர்கள், சண்டையில் பாதி அதோடு குறையும்.

11. மச்சாள் வீட்டுச் சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் கமரா, குதிரை வண்டி எல்லாம். நாங்கள் சின்னனாச் செய்தா சனம் என்ன கதைக்கும்?

கதைக்கும். பெரிதாகச் செய்தாலும் கதைக்கும், வெளிநாட்டுக் காசு என்று.

1998இல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் ஆட்களிடம் இப்படிக் கேட்டார்கள். உங்களுக்கு வருசம் 50,000 டொலர், மற்றவர்களுக்கு 25,000. அல்லது உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. எது வேண்டும்? ஏறத்தாழப் பாதிப் பேர் முதலாவதை எடுத்தார்கள். தன் காசு பாதியானாலும் மற்றவரைவிடக் கூட இருக்கவேண்டும். விடுமுறை நாட்களைப் பற்றி அதே மாதிரிக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் மற்றவரைப் பார்க்கவில்லை, தங்களுக்கு எது கூடவோ அதைத்தான் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் சாமான்களில்தான் இந்தப் போட்டி கொழுந்துவிட்டு எரியும். மதிலும் மண்டபமும் தெரியும், நிம்மதியான நித்திரை தெரியாது.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். மண்டபம் பதிவுசெய்ய முன்பே, கணவனும் மனைவியும் இருந்து மொத்தத் தொகையை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நகை அடகு, நுண்கடன், சீட்டுக் காசு இந்த மூன்றையும் அந்தத் தொகைக்குள் சேர்க்காதீர்கள். பிறகு யார் வந்து ‘ஒருக்காத்தானே பிள்ளைக்குச் செய்யிறம்’ என்று சொன்னாலும் கொப்பியைக் காட்டலாம். ஆளைக் காட்டி மறுப்பதைவிடக் கொப்பியைக் காட்டி மறுப்பது சுலபம்.

12. கோயில் திருவிழாவில உபயகாரர் போட்டிபோட்டுச் செய்யிறது நல்லதுதானே? சாமிக்குத்தானே செய்யினம்?

இதில் நான் இரண்டு பக்கமும் நிற்கிறேன். அந்தத் திருவிழாவைவிட எங்கள் திருவிழாவுக்குத் திறமான மேளம் வேண்டும் என்று உபயகாரர்கள் அடிபட்டதால்தான் யாழ்ப்பாணத்தில் நாதஸ்வரமும் தவிலும் இந்த உயரத்துக்கு வந்தன. தமிழ்நாடே வியந்து கேட்ட தவில் மேதை தெட்சணாமூர்த்தி போன்றவர்கள் வாசித்த வீதிகள் இவை. விடிய விடிய நடந்த சமாக்களில் எதிர்மேளக்காரரை வெல்ல வாசித்த வாசிப்பு, கேட்டவர்களுக்கெல்லாம் சொத்து. திருவிழாவுக்கு ஒரு நாள், வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு, தீர்த்தத்தோடு முடிவு.

ஆனால் அதே உபயகாரர் மேளத்தை விட்டுவிட்டு ஒலிபெருக்கி எண்ணிக்கையில் போட்டிபோடத் தொடங்கினால், பக்கத்து வீட்டில் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கிற கிழவிக்கும் அது வதை. கலை வளர்ந்தால் தோற்றவருக்கும் கேட்க ஒரு கச்சேரி மிஞ்சுகிறது. சத்தம் வளர்ந்தால் யாருக்கு என்ன மிஞ்சுகிறது?

13. ‘மற்றவையோட வேண்டாம், உன்னோட நீ போட்டி போடு’ எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது சரிவருமோ?

பெரும்பாலும் சரிவரும். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரி மாணவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தார். உயரம் பாய்தலில் எதிராளியை நீங்கள் தொடுவதுகூட இல்லை. முன்னால் இருப்பது குறுக்குத் தடி ஒன்றுதான், அது நேற்று இருந்த உயரம் உங்களுக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் படிப்புக்கும் இந்த முறை நல்லது.

7ஆம் கேள்வியில் சொன்ன வில்லங்கம் என்னவென்றால், தன்னோடு தானே போட்டிபோடுபவருக்கு ஊதல் ஊதி ஆட்டத்தை நிறுத்த நடுவர் இல்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, திரும்பவும் நீந்தி வந்தவர். சாதனைக்கு மேல் சாதனையாகப் போய், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். அவரைக் குறைத்துச் சொல்ல நான் யார், ஊரே பெருமைப்படும் மனிதர். ஆனால் பிள்ளைக்கு இந்த வழியைக் காட்டும்போது நிறுத்துமிடத்தையும் சேர்த்துக் காட்டவேண்டும். 85 எடுத்த பிள்ளை 87 எடுத்தால் ஒரு கிழமை அதை அனுபவிக்கவிடுங்கள். அன்றைக்கே 90 பற்றிக் கதைக்காதீர்கள்.

14. பக்கத்துத் தோட்டக்காரர் பெரிய மோட்டர் பூட்டீற்றார். நானும் பூட்டாட்டி எனக்குத்தானே நட்டம்?

உண்மை, நட்டம்தான். அதனால்தான் இது மற்றப் போட்டிகளைவிட மோசம். உங்கள் இரண்டு கிணற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சுண்ணாம்புக்கல், ஒரே தண்ணீர். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்த் தண்ணீருக்கு மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. இரண்டு பேரும் போட்டிக்கு இறைத்தால் மேலே இருக்கும் நன்னீர் மெலிந்து, உவர் மேலெழும்பும். வெங்காயத்துக்கு இறைக்கிற தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் சின்ன மோட்டர்க்காரர், பெரிய மோட்டர்க்காரர் என்று அது பார்க்காது.

ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து இதைத் தீர்க்க முடியாது, விதி வேண்டும். முன்பு பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று இறைப்பு முறை இருந்தது. அந்தப் பழக்கத்தை இன்றைய மோட்டருக்கும் கொண்டுவரலாம். கமக்காரர் அமைப்பில் பேசி, அந்தக் குறிச்சிக்கு இறைக்கும் நேரத்தையும் மோட்டரின் அளவையும் தீர்மானிக்கப் பாருங்கள். முதலில் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசுங்கள். அவரும் உங்களுக்குப் பயந்துதான் பெரியதைப் பூட்டியிருப்பார்.

15. எனக்கு ஒரு போட்டியும் பிடிக்காது. நான் சோம்பேறியோ?

இல்லை. வேலை நடக்கிறதா என்று பாருங்கள், நடந்தால் சரி.

16. எனக்குப் போட்டிக் குணம் கூடிப்போச்சு எண்டு மனுசி சொல்லுறா. எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?

மனைவி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில அடையாளங்கள் சொல்கிறேன். வரிசையில் உங்களுக்கு முன் ஒருவர் நின்றாலே எரிச்சல் வருவது. நண்பரின் நல்ல செய்தியைக் கேட்டதும் உங்கள் கதை ஒன்றை எடுத்துவிடுவது. வென்ற பிறகும் சந்தோசம் ஒரு நாள்கூட நிற்காமல் அடுத்த ஆளைத் தேடுவது. பிள்ளையின் கரப்பந்தாட்டத்தில் நடுவரோடு நீங்கள் சண்டைபோடுவது.

பிள்ளைகளில் இது வேறு விதமாகத் தெரியும். பரீட்சை நாட்களில் மட்டும் வருகிற வயிற்றுவலி, நித்திரையின்மை, விருப்பமான விளையாட்டை விட்டுவிடுதல். இவை சில கிழமைகளுக்கு மேல் நீடித்தால் பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடமோ யாழ். போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால் கிழமைக் கணக்குப் பார்க்கவேண்டாம், அன்றைக்கே போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம்.

17. ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சம். எனக்குக் கிடைச்சிட்டுது, அவனுக்குக் கிடைக்கேல்லை. இப்ப என்னோட கதைக்கிறானில்லை. நான் என்ன பிழை விட்டனான்?

பிழை ஒன்றும் விடவில்லை. வென்றதற்காக மன்னிப்புக் கேட்கவும் போகவேண்டாம், ‘எனக்கு அதிட்டம்தான் மச்சான்’ என்று உம்மைத் தாழ்த்திப் பேசவும் வேண்டாம். அவருக்கு அது பொய் என்று தெரியும், இன்னும் நோகும். ஒன்றாக ஓடியவர்களில் ஒருவர் தாண்டிப் போகும்போது வரும் வலி, முன்பின் தெரியாதவர் தாண்டும்போது வராது. 5ஆம் கேள்விப் பிள்ளைக்கு வந்தது போல இவருக்கும் கொஞ்சக் காலம் ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது.

ஒரு மாதம் விடும். பிறகு உம்மைவிட அவர் நன்றாகச் செய்யும் ஏதாவது ஒன்றுக்கு, மோட்டார் சைக்கிள் திருத்துவதோ பட்டம் கட்டுவதோ, உண்மையிலேயே உதவி தேவைப்படும்போது அவரிடம் போம். பெறுபேற்றுக் கதையை நீர் தொடங்கவேண்டாம். அவர் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளும். அம்மா கேட்டால், அவர் வீட்டு ஒழுங்கையால் பலகாரப் பெட்டியோடு போகவேண்டாம் என்றும் சொல்லிவையும்.